தகட்டில் விழாத பொட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுதத் தெரியும், பெயர் எழுதத் தெரியும். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதிப் பழக்கமில்லை. ஒரு வரியை முடிப்பதற்குள் அடுத்து என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துபோகிறது. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது பர்வீன். பூந்தமல்லியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற பெண். போட்டோத் தொழில் செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். அந்தக் காலத்தில் கலர் எப்படிப் போட்டீர்கள் என்று பழைய ஆட்கள் எழுத வேண்டுமாம். போன மாதம் அவள் கடைக்குப் போயிருந்தபோது யாரோ ஒருவருடைய தாயாரின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நிறம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தட்டுத் தட்டினாள், சேலை பச்சையாயிற்று. இன்னொரு தட்டில் ரவிக்கை சிவந்தது.

"நெத்தியில பொட்டே தெரியல பாட்டிம்மா. நானே ஒண்ணு வெச்சுட்டேன். நல்லா கீது இல்ல?" என்றாள்.

நான் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மலருக்கு எழுதுகிறேன் என்று மறுநாள் சொல்லி அனுப்பினேன்.

நான் வேலைக்குப் போனது வெள்ளைக்காரன் காலத்தில். பெரிய யுத்தம் வருவதற்கு மூன்று, நான்கு வருஷம் முன்னால் இருக்கும். என் அப்பா பூந்தமல்லியில் ஒரு ஸ்டூடியோவில் பின்னால் தொங்கவிடும் திரைக்குப் படம் எழுதிக்கொண்டிருந்தார். மாளிகை, படிக்கட்டு, அன்னம் நீந்துகிற குளம், இப்படி. அவர் மார்வலியில் திடீரென்று போய்விட்டார். அவருடைய தூரிகைகளைத் திருப்பிக் கொடுக்கப் போன என்னிடம் முதலாளி, "கை நடுங்காம ஒரு கோடு போடு பாக்கலாம்" என்றார். போட்டேன். மறுநாளிலிருந்து வரச் சொன்னார். எனக்கு அப்போது பதினாறு வயது. அவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும். ஒரு வருஷம் படம் கழுவினேன், அதற்குப் பிறகு நிறம் போட்டேன்.

முதலாளியை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நிறம் போடுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். படம் பளபளப்பில்லாத தாளில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் பிடிக்காது. முதலில் டர்பன்டைன் தொட்ட பஞ்சால் படம் முழுவதையும் ஒரு முறை துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எண்ணெய்ச் சாயம் சிறு குழாய்களில் வரும். வெள்ளைப் பீங்கான் தட்டில் கடுகளவு பிதுக்கினால் ஒரு சேலைக்குப் போதும். பெரிய இடத்துக்குப் பஞ்சு உருண்டை. முகத்துக்கு மூங்கில் குச்சியின் நுனியில் சுற்றிய பஞ்சு. கண், உதடு, பொட்டு, மூக்குத்தி இவற்றுக்கு இரண்டே மயிர் உள்ள தூரிகை. வைத்த சாயத்தைக் காய்ந்த பஞ்சால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வந்தால், சாயம் மெலிந்து, அடியில் இருக்கும் படம் மேலே தெரியும். தப்பாகப் போட்டுவிட்டால் பயமில்லை. டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் சாயம் போய்விடும், படம் அப்படியே இருக்கும். அதனால் ஒரு சின்னக் குப்பியில் டர்பன்டைனும் ஒரு பிடி பஞ்சும் என் பையில் எப்போதும் இருக்கும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது பிலிமுக்குப் பதிலாக எங்களிடம் இருந்த கண்ணாடித் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு எல்லாம் கறுப்பாக விழும். குங்குமப் பொட்டு மைப்பொட்டு மாதிரி இருக்கும். வெற்றிலை போட்ட வாய் கரி பூசினது போல இருக்கும். மஞ்சளும் ஏறக்குறைய அப்படித்தான், அழுக்காக இருண்டு விழும். ஆகவே படத்தில் கறுப்பாக இருப்பது கறுப்பா, சிவப்பா, மஞ்சளா என்று நிறம் போடுகிறவள்தான் நிதானிக்க வேண்டும். ஆனால் ஒன்று நிச்சயம். நெற்றியில் குங்குமம் இருந்தால் தகட்டில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தே தீரும்.

மாஸ்டர் ஊர் சுற்றினவர். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கப்பலில் போய்த் தெருக்களையும் திருவிழாக்களையும் படம் பிடித்து வந்திருந்தார். அந்தப் படங்கள் மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு விற்கும். நான் பட்டாபிராமுக்கு அப்பால் போகாதவள். பினாங்கில் சீனாக்காரர்கள் காகிதக் குதிரையைத் தூக்கிக்கொண்டு போகிற ஊர்வலத்துக்கு நான்தான் நிறம் போட்டேன். குதிரை என்ன நிறம் என்று கேட்டால் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்து, "உனக்கு எது நல்லா இருக்கோ அது" என்பார். நான் ஊதா போட்டேன். ஊதாக் குதிரை நிறைய விற்றதாம்.

அவர் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். தகட்டைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். பிடிக்காத படத்தைக் கிழிக்க மாட்டார், திட்ட மாட்டார். குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்படி ஒரு படம் கவிழ்ந்து கிடந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. பிடித்திருந்தால் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து, "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்காக நான் வாரம் முழுவதும் குனிந்து கிடந்திருக்கிறேன்.

கடை வாசலில் அவர் ஒரு பலகை வைத்திருந்தார். "இயற்கை வர்ணப் படங்கள்" என்று. எதிர்த் தெருவிலும் ஒரு ஸ்டூடியோ கையால் நிறம் போட்டுத் தந்துகொண்டிருந்தது. எங்கள் படம் அப்படி இல்லை, காமிராவே நிறத்தோடு பிடிக்கிறது, ரங்கூனில் வாங்கின காமிரா என்று மாஸ்டர் சொல்லிவந்தார். ஜனங்கள் நம்பினார்கள். நான் பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்வேன். வருவதும் போவதும் கொல்லை வாசல் வழியாக. யாராவது கேட்டால் படம் கழுவுகிற பெண் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தார்கள் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

திருவிழா என்றால் மட்டும் என்னையும் கூட்டிப்போவார். காரணம் இருந்தது. ஆம்பிளை காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்தால் பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார்கள். பக்கத்தில் ஒரு பெண் இருந்தால் நிற்பார்கள். மாங்காட்டில் ஆடி மாதத்துக் கூட்டம், திருமழிசைத் தேர், பூந்தமல்லிச் சந்தையில் வளையல்காரர் விரித்த கடை, எல்லாவற்றுக்கும் குதிரை வண்டியில் போனோம். ஒரு முறை மாங்காட்டில் பூக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் நிமிர்ந்து பாருங்கள் என்று கேட்கக் கூச்சப்பட்டு நின்றேன். அதில் ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"இன்னாடி பொண்ணு, பூ வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? முழிச்சிகினு நிக்கிற."

"படம் புடிக்கணும்க்கா. கொஞ்சம் நிமுந்து பாருங்க."

"எங்க மூஞ்சியப் புடிச்சி எவன் ஊட்டுல மாட்டப் போற? ஏய் தாயாரு, பல்ல மூடுடி, கண்ணாடி ஒடஞ்சிடப் போவுது!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் படமாக விழுந்தது. அதற்கு மாஸ்டர் "ம்" என்றார்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே இதைத் தள்ளிப் போடத்தான்.

குத்தம்பாக்கத்துப் பக்கம் ஒரு சிற்றூரில் திரௌபதியம்மன் கோயில் தீமிதி. ஊர்ப் பெயர் எழுதவில்லை, அங்கே அவர்களுடைய ஜனங்கள் இன்னும் இருக்கலாம். மத்தியானமே போய்விட்டோம். மாஸ்டர் தீக்குழிக்கு எதிரில் ஸ்டாண்டைப் போட்டார். சாயங்கால வெயில், மேற்கே இருந்து சாய்ந்து அடித்தது. காப்புக் கட்டினவர்கள் மஞ்சள் உடுத்து, வேப்பிலையோடு ஒவ்வொருவராகத் தணலில் இறங்கி ஓடினார்கள். ஓடுகிற ஆள் எங்கள் தகட்டில் புகை மாதிரிதான் விழும். மாஸ்டர் மூன்று தகட்டை வீணாக்கிவிட்டு, கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார்.

"ஓடறவங்கள விடு பாப்பா. நிக்கறவங்களப் பாரு. அதோ, அந்த அம்மா."

குழி முடிகிற இடத்தில் ஒருத்தி நின்றாள். தணலை மிதித்து வருகிறவர்கள் காலில் ஊற்றுவதற்காக இடுப்பில் தண்ணீர்க் குடம். இருபத்தைந்து வயது இருக்கும். அவள் முகத்தில் ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் தணலும் பட்டுக்கொண்டிருந்தது. ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் போய்ச் சொன்னேன்.

"அக்கா, மூணு எண்ற வரைக்கும் அசையாம நிக்கறியா? எங்க மாஸ்டர் படம் எடுக்கறாரு."

"என்னயா? வோணாம்மா. என்னைப் போயி எதுக்கு? நல்லபடியா கீறவங்கள எடு."

"நீ நிக்கறதுதான் நல்லா கீதாம். மூணே எண்ணம்தான் அக்கா."

"ஊர்ல யாராச்சும் எதுனா சொல்லுவாங்கம்மா."

"கறுப்பு வெள்ளைப் படம் அக்கா. எங்கயோ வெள்ளைக்காரன் வாங்கினு போவான். ஒண்ணும் ஆவாது."

ஒன்றும் ஆகாது என்று நான்தான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, குழந்தையைச் சற்றுப் பின்னால் தள்ளிவிட்டு நின்றாள். நான் மூன்று எண்ணினேன். பெயர் கேட்டேன், செங்கேணி என்றாள். பிறந்த ஊர் அதுதானாம். இரண்டு மைல் தள்ளிக் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து திருவிழாவுக்கு வந்திருக்கிறாளாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவள் நெற்றியைப் பார்த்தேனா என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். குடத்தையும் வெயிலையும்தான் பார்த்தேன் போலிருக்கிறது.

தகடு அருமையாக விழுந்தது. அதைப் பெரிதாகப் போட்டு என்னிடம் கொடுத்தார். தணலுக்கு ஆரஞ்சும் அடியில் கொஞ்சம் கருஞ்சிவப்பும் கொடுத்தேன். குடத்துக்குப் பித்தளை நிறம். சேலை சாம்பலாக விழுந்திருந்தது. திருவிழாவில் எல்லோரும் மஞ்சள்தானே, மஞ்சளே போட்டேன். கழுத்தில் ஒரு கயிறு கறுப்பாகத் தெரிந்தது. மஞ்சள் கயிறு இப்படித்தான் விழும் என்று அதற்கும் மஞ்சள் கொடுத்தேன். அதுவரை தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நெற்றிக்கு வந்தபோது கை நின்றது. புள்ளி இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மாஸ்டரிடம் கொண்டுபோனேன்.

"பொட்டு விழலீங்க மாஸ்டர்."

"வேர்வையில அழிஞ்சிருக்கும். நீ வையி."

"அழிஞ்சிருந்தா கறை தெரியுமே மாஸ்டர்."

அவர் கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்தார். "பாப்பா, இவ்ளோ நெருப்பு கீழ கீது. மேல ஒரு சிவப்பு இல்லேன்னா படம் நிக்காது. வையி."

அவர் சொன்னதும் சரிதான். அந்த இடத்தில் ஒரு சிவப்புக்காகப் படம் ஏங்கிக்கொண்டிருந்தது. நானும் ஏங்கினேன். இரண்டு மயிர்த் தூரிகையால் வைத்தேன். வைத்த உடனே அந்த முகம் பேசினாற்போல் இருந்தது. மாஸ்டர் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து, "ம்" என்றார். இரண்டு தரம் சொன்னார். முன்னும் பின்னும் அவர் இரண்டு தரம் சொன்னதில்லை.

மவுண்ட் ரோட்டுக்கு அதில் நிறையப் பிரதிகள் போயின. அஞ்சல் அட்டை அளவில் சிலவற்றுக்கும் நிறம் போட்டேன். பெரிய படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, இயற்கை வர்ணம் என்ற பலகைக்குக் கீழே கடை வாசலில் மாட்டினார். பூந்தமல்லிச் சந்தைக்கு மாடு பிடிக்க வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். தடுப்பு இடுக்கு வழியாக நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் ஒருவன் வெகுநேரம் நின்றான். பிறகு உள்ளே வந்தான்.

"வெளிய மாட்டியிருக்கிற படம், அந்தத் தீமிதிப் படம், அது நெசமாவே அப்பிடியே வந்ததா சாமி?"

"பலகையில என்ன எழுதியிருக்கு?" என்றார் மாஸ்டர்.

"எனக்குப் படிக்கத் தெரியாது."

"இயற்கை வர்ணம்னு எழுதியிருக்கு. இருந்தது இருந்தபடி."

"அந்தப் பொட்டும்? கயிறும்?"

மாஸ்டர் ஒரு நொடி தடுப்புப் பக்கம் பார்த்தார். "எல்லாம்தான்."

"அது எங்க அண்ணன் பொண்டாட்டி. அண்ணன் செத்து ரெண்டு வருசமாவுது" என்றான் அவன்.

நான் தடுப்புக்குப் பின்னால் இருந்தேன். கையில் குச்சி இருந்தது.

நாலைந்து நாள் கழித்து அவனுடைய ஊர்க்காரர்கள் மாஸ்டரை வந்து சொல்லச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். படத்தையும் எடுத்துவர வேண்டும், அவளை நிற்கவைத்த பெண்ணும் வர வேண்டும். வண்டியில் போனோம். ஊர் நெருங்கியதும் மாஸ்டர், "பாப்பா, நீ படம் கழுவற பொண்ணு. அதுக்கு மேல உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். கடிந்து சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வது போலவே சொன்னார்.

காலை வேளை. நெல் அடிக்கிற களத்தில் பாய் விரித்துப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வைக்கோல் போரின் பக்கம் நின்றார்கள். செங்கேணி நடுவில் நின்றாள். வெளுத்த சேலை, வெறும் நெற்றி. படத்தைக் களத்தில் சாய்த்து வைத்தார்கள். வெயிலில் அது மின்னியது.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எல்லோரும் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்து, உயிரோடு இருக்கிறவளை நிமிர்ந்து பார்த்து, மறுபடியும் படத்தையே பார்த்தார்கள். ஒருவர் கண்ணிலும் இது கையால் போட்டது என்கிற சந்தேகம் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழும்பியது. அவ்வளவு நன்றாகப் போட்டிருக்கிறேன் என்று. ஒரு நொடிதான். ஆனால் எழும்பியது உண்மை.

"இன்னா செங்கேணி, இதுக்கு இன்னா சொல்ற?" என்றார் நடுவில் இருந்த பெரியவர்.

"நான் பொட்டு வெக்கல மாமா. எம் பொண்ணு மேல சத்தியமா வெக்கல. கயிறு இதோ கீது பாருங்க." ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். கறுப்புக் கயிறு, தாயத்து. "பூந்தமல்லி தர்காவுல மந்திரிச்சிக் கட்டுனது. காய்ச்சல் வந்தப்போ கட்டுனது."

"படத்துல மஞ்சளா கீது, இப்ப கறுப்பா மாத்திகினியா?" என்றான் கடைக்கு வந்திருந்த அந்தக் கொழுந்தன். "பொறந்த ஊர்ல எவன் கட்டுனான்? அதச் சொல்லு மொதல்ல."

செங்கேணியின் அண்ணன் எழுந்து, என் தங்கை வெறும் நெற்றியோடுதான் வந்தாள், ஊரே பார்த்தது என்றான். தங்கச்சிக்கு அண்ணன் பேசாமல் யார் பேசுவான் என்று உட்காரவைத்துவிட்டார்கள். அவள் புருஷனுடைய பங்கு நிலம் கொழுந்தன் உழவில் இருந்தது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு புத்தி இல்லை.

மாஸ்டரைக் கேட்டார்கள். "சூரிய வெளிச்சம் எழுதினதுங்க அது. நான் எழுதினது இல்ல" என்றார் மெதுவாக. அதற்குள் இருந்த சூதை அங்கே என்னைத் தவிர யாரும் அறியவில்லை.

அப்போது செங்கேணி என்னைப் பார்த்துவிட்டாள்.

"இந்தப் பொண்ணக் கேளுங்க மாமா. இதுதான் என்னை நிக்க வெச்சது. கிட்ட வந்து மூஞ்சியப் பாத்துப் பேசிச்சி. சொல்லும்மா. அன்னிக்கி எம் நெத்தியில எதுனா இருந்துச்சா?"

எல்லோரும் திரும்பினார்கள். அத்தனை ஆம்பிளைகளும்.

என் தோளில் பை இருந்தது. பையில் குப்பி இருந்தது, பஞ்சு இருந்தது. படம் மூன்று அடி தள்ளி இருந்தது. சட்டத்தைத் திருப்பி, படத்தை எடுத்து, பஞ்சை நனைத்து அந்த நெற்றியில் ஒரு தேய்ப்பு. வாயே திறந்திருக்க வேண்டாம். ஒரு வார்த்தை பேசாமல் அவளைக் காப்பாற்றியிருக்கலாம். பேச்சு வராது, கூச்சம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியே இல்லை. அதைத்தான் நான் அறுபது வருஷத்துக்கு மேலாகத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவாரோ, இனிமேல் "ம்" சொல்லவே மாட்டாரோ என்று தோன்றியது. எவ்வளவு அற்பம் பாருங்கள். வேலை போய்விடும், அம்மாவுக்குச் சோறு போட வேண்டும் என்றெல்லாம் பிற்பாடு காரணம் சேர்த்துக்கொண்டேன். அந்த நேரத்தில் தோன்றியது அது ஒன்றுதான்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் படம் கழுவற பொண்ணு" என்றேன்.

கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். முந்தைய நாள் ஒரு கல்யாணப் படத்துக்குக் கூறைச் சேலை சிவப்புப் போட்டிருந்தேன். நகக்கண்ணில் சாயம் போகவில்லை.

அவள் அந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. குழந்தை அவர்கள் ரத்தம், அவர்களோடுதான் இருக்கும். செங்கேணி அழவில்லை. அந்தக் குழந்தைதான் கத்தியது. கொழுந்தன் பெண்சாதி அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் படத்தைத் துணியில் சுற்றி வண்டியில் வைக்கும்போது செங்கேணி எங்களைக் கடந்து போனாள். நான் சட்டத்தைத் தாங்குவதற்காகக் கையை வெளியே எடுத்திருந்தேன். அவள் நின்றாள். என் விரல்களைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"உன் கையி இன்னாம்மா இவ்ளோ செவப்பா கீது?" என்றாள்.

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் போய் அதை வைத்துச் சண்டை போட்டிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்?

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து நான் தனியாக அந்த ஊருக்குப் போனேன். ஒரு வருஷம் ஏன் ஆயிற்று என்று கேட்காதீர்கள். அந்தப் படத்தின் அஞ்சல் அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, குப்பியும் பஞ்சுமாகப் போனேன். கொழுந்தன் வீட்டு வாசலில் அவனும் அவன் பெண்சாதியும் பார்க்க, பொட்டைத் துடைத்துக் காட்டினேன். கயிற்றைத் துடைத்தேன், சேலையைத் துடைத்தேன். எல்லாம் பஞ்சோடு வந்துவிட்டது. பாருங்கள், நான் போட்டதுதான், அந்த அம்மா குற்றமில்லாதவர்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கொழுந்தன் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இருந்த பொட்ட அழிச்சிட்டு இல்லேன்னு காட்டுறியா? எவ்ளோ குடுத்து அனுப்புனா அவ?"

அவன் பெண்சாதி மட்டும் பேசாமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் அந்தக் குழந்தை நின்று பஞ்சில் இருந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அட்டையை அவனிடமிருந்து வாங்கி அதன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். செங்கேணி எங்கே என்று கேட்டதற்கு ஒருத்தி ஆவடிப் பக்கம் சூளையில் கல் அறுக்கிறாள் என்றாள், இன்னொருத்தி அண்ணன் வீட்டிலும் இல்லை, எங்கேயோ போய்விட்டாள் என்றாள். யுத்தம் வந்து பட்டாபிராமில் பட்டாளத்துச் சரக்கு இறக்க ஆள் எடுத்தபோது பெண்கள் கூட்டம் கூட்டமாக ரயிலடிக்கு வருவார்கள். நான் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறேன். கண்டால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

மாஸ்டரிடம் அதற்கப்புறமும் ஆறு வருஷம் வேலை செய்தேன். இதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பெரிய படம் அத்தனை நாளும் வாசலில் இருந்தது. கொல்லை வழியாகப் போகிறவளுக்கு அது கண்ணில் படாது. அவர் காலமான பிறகு தகடுகளைப் பழைய கண்ணாடிக்காரர்கள் சுரண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஜன்னலுக்குப் போட்டிருப்பார்கள். பிறகு அம்பத்தூரில் வேறொரு கடையில் சேர்ந்தேன். கலர் பிலிம் வந்து என் வேலை நிற்கிற வரை நிறம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கறுப்புப் புள்ளி இல்லாத நெற்றியில் யார் சொல்லியும் பொட்டு வைக்கவில்லை. ஒரு முறை கல்யாணப் பெண்ணுக்கே வைக்காமல் கொடுத்து ஏச்சு வாங்கினேன். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பி வந்துவிடவில்லை.

பர்வீனுக்கும் மலர் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நான் எழுதினதில் மறதி இருக்கும். அது சித்திரைத் தீமிதியா ஆடித் தீமிதியா என்று எனக்கு நிச்சயமில்லை. குழந்தையின் பெயர் வள்ளி என்று நினைக்கிறேன், அதுவும் சரியா தெரியாது. குத்தம்பாக்கத்துப் பக்கம் பழைய ஆட்கள் இருந்தால் கேட்டுச் சரிபாருங்கள். அந்தக் குழந்தை இருந்தால் அவளும் இப்போது கிழவிதான்.

யார் வீட்டுப் பெட்டியிலாவது அந்தப் படம் கிடைக்கலாம். தீக்குழி ஓரத்தில் குடத்தோடு நிற்கிற பெண், மஞ்சள் சேலை. கிடைத்தால் டர்பன்டைன் வாங்கி, சுத்தமான பஞ்சில் ஒரு சொட்டு மட்டும் தொட்டு, நெற்றியில் வையுங்கள். இவ்வளவு வருஷத்தில் சாயம் இறுகியிருக்கும், உடனே வராது. அழுத்தாமல், வட்டமாக, பொறுமையாகத் தேய்க்க வேண்டும். அடியில் புள்ளி இருக்கிறதா என்று நாலு பேராக வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இல்லை என்றால், இல்லை என்று அந்த ஊரில் போய்ச் சத்தமாகச் சொல்லிவிட்டு வாருங்கள். நான் சொன்னபோது யாருக்கும் கேட்கவில்லை.